ஹம்பிக்குக் காரில் போகிறீர்களா? கேமராவுக்குத் தெரியாத சில விஷயங்கள்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. நண்பர்கள் நால்வர், எல்லோருக்கும் 23 வயதுக்குள். ஒருவரின் அப்பா புதிதாக வாங்கிய காரில் ஏடாஸ் (ADAS) இருக்கிறது, அதாவது கேமராவும் ரேடாரும் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் கருவி. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சென்னையில் கிளம்பி, விடிய விடிய ஓட்டி, சனிக்கிழமை காலை கர்நாடகத்தில் பழைய விஜயநகரத் தலைநகரான ஹம்பியில் இறங்கி, ஞாயிறு மாலை திரும்புவது திட்டம். "தானாகவே பிரேக் போடுகிற கார்தானே, இரவில் ஓட்டினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளில் எதைப் பார்ப்பது, எங்கே தங்குவது, ஆற்றில் குளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கார்களின் பிரேக்கையும் அதைச் சார்ந்த பாதுகாப்புக் கருவிகளையும் சோதிக்கும் வேலையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் நான். ஹம்பிக்கு ஒன்பது முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது அச்சு அசலாக உங்கள் திட்டத்தில்தான். எனவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரில் போங்கள், ஆனால் இரவில் கிளம்பாதீர்கள். இரண்டு நாளை ஐந்தாறு நாளாக்க முடியாவிட்டால், பெங்களூரு வரை வந்து அங்கிருந்து இரவில் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடுங்கள். காலையில் ஹோஸ்பேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர்தான்.

என் முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஹிரியூரைத் தாண்டியபோது மணி நான்கரை இருக்கும். நண்பன் ஓட்டிக்கொண்டிருந்தான், நாங்கள் மூவரும் தூங்கிவிட்டோம். தடதடவென்று சத்தம் கேட்டுக் கண் விழித்தால், கார் நிலக்கடலைக் காட்டுக்குள் நின்றுகொண்டிருக்கிறது. அவனும் தூங்கியிருக்கிறான். இடப்பக்கம் மரமோ பாலமோ இல்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் பத்து மணிக்கு ஹோஸ்பேட்டை போய்ச் சேர்ந்து, விடுதியில் விழுந்து, மாலை நான்கு மணிவரை பிணம்போல் தூங்கினோம். அன்று பார்த்தது விருபாட்சர் கோபுரம் ஒன்றைத்தான். இரவில் ஓட்டினால் ஒரு பகல் மிச்சம் என்ற கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு இது போதும்.

இப்போது உங்கள் ஏடாஸுக்கு வருகிறேன். காரின் முன்கண்ணாடியின் உச்சியில், பின்னால் வருவதைக் காட்டும் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரிலோ ஒரு ரேடார் இருக்கும். முன்னால் இருப்பது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ரேடார் அளக்கிறது. அது காரா, பைக்கா, ஆளா என்று கேமரா அடையாளம் காண்கிறது. வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கை லேசாகத் திருத்துவதும் கேமராவின் வேலைதான். நம் நாட்டில் இன்று விற்கும் இத்தகைய கார்களில் அதிகபட்சம் இரண்டாம் நிலைதான். கை ஸ்டீயரிங்கிலும் கண் சாலையிலும் இருக்க வேண்டும், நடப்பதற்கெல்லாம் ஓட்டுபவரே பொறுப்பு என்பதுதான் அந்த நிலையின் பொருள். கார் தானாக ஓடும் என்று ஷோரூமில் யாராவது சொல்லியிருந்தால் அது விற்பனைப் பேச்சு.

சோதனைத் தளத்தில் முன்னால் நிறுத்துவது நுரையால் செய்த போலிக் காரை. பின்பக்கம் அசல் கார் மாதிரியே இருக்கும், நம்பர் பிளேட்டும் சிவப்பு விளக்கும் உட்பட. மோதினால் துண்டு துண்டாகச் சிதறும், மறுபடி கோத்து நிறுத்திவிடலாம். அதன் முன்னால் உங்கள் கார் அழகாக நிற்கும். நானே நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் சித்ரதுர்காவிலிருந்து ஹோஸ்பேட்டை போகும் சாலையில் இரவில் உங்கள் முன்னால் வருவது கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பின்விளக்கு கிடையாது, ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கரும் கிடையாது. கரும்புத் தோகை இருபுறமும் பிதுங்கிப் பின்பக்கத்தை முழுக்க மூடியிருக்கும். அது ஒரு வாகனம் என்று மனிதக் கண்ணுக்கே நெருங்கிய பிறகுதான் புரிகிறது. கேமரா பழகிய உருவம் அதுவல்ல.

இன்னொரு சங்கதி, பலருக்குத் தெரியாதது. சாலையோரப் பலகை, இரும்புத் தடுப்பு, மேம்பாலம் எல்லாவற்றிலும் பட்டு ரேடார் அலை திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் கார் நகரவே நகராது. அதனால் வேகம் கூடக்கூட, அசையாமல் நிற்பவற்றைப் பல கருவிகள் பொருட்படுத்துவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கணைத்து நிற்கும் லாரிதான் இந்தக் கருவிகளுக்குக் கடினமான பரீட்சை. நம் இரவுச் சாலையில் அதிகம் இருப்பதும் அதுவே. "நிற்கும் வாகனங்களைக் கண்டறியாமல் போகலாம்" என்று கார்க் கையேட்டிலேயே ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கும். உறையைப் பிரிக்காமலே டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தைக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் படியுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். தடையைப் பார்த்து, மூளையில் உறைத்து, கால் பிரேக்கை அமுக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 42 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 56 மீட்டர். மொத்தம் 100 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாழ்வான ஹெட்லைட் வெளிச்சத்தில் இருட்டான தடை தெரிவதோ 50, 60 மீட்டரில். அதாவது 100-ல் போகிறவர் பார்த்துவிட்டாலும் மோதுவார். 80-ல் போனால் மொத்தம் சுமார் 70 மீட்டர், அதுவும் போதாது. பிரேக்கைக் கார் போடுகிறதா, நீங்கள் போடுகிறீர்களா என்ற கேள்வியெல்லாம் இதற்குப் பிறகுதான். எதிரில் வருபவர் உயர் வெளிச்சத்தைப் போட்டுக் கண்ணைப் பறித்தால் உங்களைப் போலவே கேமராவும் திணறும்.

அப்படியானால் அந்தக் கருவி வீணா? இல்லவே இல்லை. பகலில், நான்கு வழிச் சாலையில், கவனமாக ஓட்டுபவரின் ஒரு நொடிக் கவனச் சிதறலை அது காப்பாற்றிவிடும். பக்கவாட்டில் மறைந்து வரும் பைக்கைக் கண்ணாடியில் விளக்காகக் காட்டுவது, பின்னால் எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்வது இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஐரோப்பிய ஒன்றியம் தானியங்கி அவசரப் பிரேக்கையும் தூக்கக் கலக்க எச்சரிக்கையையும் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது காரணமில்லாமல் இல்லை. டேஷ்போர்டில் காப்பிக் கோப்பைப் படம் எரிந்தால் அதை அணைத்துவிட்டுப் பாட்டை உரக்க வைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நீங்கள் திருப்பும் விதம் மாறிவிட்டது என்று அது கண்டுபிடித்திருக்கிறது. உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே.

சில ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். கேமரா இருக்கும் இடத்துக் கண்ணாடியையும் ரேடார் இருக்கும் இடத்தையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் துடையுங்கள். செத்த பூச்சிகள் அப்பியிருக்கும். முன்னால் ரேடாரை மறைக்கும் இரும்பு முட்டுக்கம்பி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது சட்டத்துக்கும் புறம்பானது. சாலை வேலை நடக்கும் இடங்களில் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருத்தும் வசதியை அணையுங்கள். ஒரு முறை தும்கூர் அருகே மாற்றுப்பாதையில் போகும்போது, அழியாமல் கிடந்த பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு என் கார் சிமென்ட் தடுப்பை நோக்கி இழுத்தது. கை ஸ்டீயரிங்கில் இருந்ததால் பிழைத்தேன். இடைவெளி பார்த்து வேகத்தைச் சரிசெய்யும் க்ரூஸ் கண்ட்ரோலை ஊர்ப் பகுதிகளில் போடவே போடாதீர்கள். நீங்கள் விடும் இடைவெளி நம் ஊரில் இடைவெளி அல்ல, அழைப்பு. ஒரு பைக் உள்ளே நுழையும், உங்கள் கார் பளிச்சென்று பிரேக் போடும், பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது தெரியாது.

பின் சீட்டில் இருக்கும் இருவரும் பெல்ட் போட வேண்டும். இதில் பேரம் கிடையாது. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்ல, உடன் வந்தவர்கள். பெல்ட் போடாத பின்சீட்டு நண்பன் மோதும் கணத்தில் முன்சீட்டு நண்பனின் முதுகில் விழும் மூட்டை. எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் போலிக் கொக்கிகளை இணையக் கடைகளிலிருந்து நீக்கும்படி 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உங்கள் வீட்டுக் காரில் அது மாட்டியிருந்தால் குப்பையில் போடுங்கள்.

அறுவடைக் காலத்தில் கர்நாடகக் கிராமச் சாலைகளில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் சாலை முழுக்கப் பரப்பியிருப்பார்கள். வண்டிகள் ஏறிப் போனால் தானியம் உதிரும், கூலியில்லாத களத்துமேடு. அதில் கார் வழுக்கும். தாள் அச்சில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும். மெதுவாகத் தாண்டி, கொஞ்ச தூரம் போய் நிறுத்திக் குனிந்து பாருங்கள்.

இனி வழி. முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஏழரைக்கு வேலூரில் சிற்றுண்டி. உடனே ஓடிவிடாமல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். பாயும் குதிரைகளும் யாளிகளும் தூணோடு தூணாக எழுந்து நிற்கும். இதுவும் விஜயநகரக் காலத்துக் கைதான். ஹம்பியில் விட்டலர் கோயிலில் பார்க்கப்போவதற்கு இங்கே முன்னோட்டம் கிடைத்துவிடும். மாலைக்குள் தும்கூர், தெம்பிருந்தால் சித்ரதுர்கா. அங்கே இரவு தங்குங்கள். மறுநாள் காலை சித்ரதுர்காக் கோட்டையில் இரண்டு மணி நேரம் செலவிடுங்கள். ஏழு சுற்றுக் கோட்டை என்று உள்ளூரில் சொல்வார்கள். 1779-ல் ஹைதர் அலி கைப்பற்றும் வரை நாயக்கர்களின் கையில் இருந்தது. ஒற்றை ஆள் நுழையக்கூடிய பாறை இடுக்கில் எதிரிகளை உலக்கையால் அடித்துக் கொன்ற ஓபவ்வாவின் கதையைக் கேட்காமல் யாரும் அந்த ஊரை விட்டு வர முடியாது. அங்கிருந்து ஹோஸ்பேட்டை இரண்டரை மணி நேரம்.

ஹம்பிக்கு இரண்டு முழு நாள் வேண்டும். 1336-ல் ஹரிஹரரும் புக்கரும் தொடங்கிய தலைநகரம். 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படையை நடத்திய ராமராயர் வீழ்ந்தபின் சூறையாடப்பட்டது. 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், ரோம் அளவுக்குப் பெரிய நகரம் என்று எழுதினார். யுனெஸ்கோ 1986-ல் பட்டியலில் சேர்த்தது 40 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பை. எனவே "எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்ற எண்ணத்தைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒரு நாள் நடையாகவே போகட்டும். விருபாட்சர் கோயிலில் தொடங்குங்கள். அது பாழடைந்ததல்ல, இன்றும் பூசை நடக்கும் கோயில். பின்பக்கம் ஓர் இருட்டறையில், சுவரில் சிறு துளை வழியே ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும். கடைவீதியின் கோடியிலிருந்து ஆற்றோரமாகவே நடந்தால் கோதண்டராமர் கோயில், ராஜ துலாபார வாயில் எல்லாம் தாண்டி விட்டலர் கோயில் வரும். காரில் போனவர்கள் வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு பேட்டரி வண்டிக்கு வரிசையில் நிற்பார்கள். நீங்கள் ஆற்றங்கரையிலிருந்து வந்து சேர்வீர்கள்.

வழியில் பாறைகளைப் பாருங்கள். பல பாறைகளில் தீப்பெட்டி அளவுக் குழிகள் வரிசையாக, தையல் போட்டதுபோல் ஓடும். கல்தச்சர் ஆப்பு அடித்துப் பிளக்கப் போட்ட குழிகள். சிலவற்றில் குழி போட்டிருக்கும், பாறை பிளந்திருக்காது. வேலை பாதியில் நின்றது ஏன் என்று யோசித்தபடி அங்கே உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பெரிய கோபுரங்கள் தராத ஒன்றை அந்தக் குழிகள் தந்தன.

விட்டலர் கோயிலில் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டிப் பிடித்துக் கல் தேருடன் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள், தப்பில்லை. எடுத்த பிறகு தேருக்கு முன்னால் நிற்கும் யானைகளுக்குப் பின்னே குனிந்து பாருங்கள். குதிரைகளின் பின்னங்கால்களும் வாலும் தெரியும். முதலில் இருந்தவை குதிரைகள், யானைகள் பிற்பாடு கொண்டுவந்து வைக்கப்பட்டவை. தேர் என்று நாம் சொல்வது உண்மையில் கருடன் சன்னிதி. 1856-ல் எடுத்த புகைப்படங்களில் அதன் மேல் செங்கல் விமானம் ஒன்று இருக்கிறது, இன்று இல்லை. இசைத் தூண்களைத் தட்டக் கூடாது. வழிகாட்டி யாராவது ரகசியமாகத் தட்டிக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மறுநாள் அரண்மனைப் பகுதி. தாமரை மகால், யானைக் கொட்டில் எல்லாம் அழகுதான், கூட்டமும் அங்கேதான். நான் நேரம் செலவிடச் சொல்வது மகாநவமி மேடைக்கு அருகிலுள்ள படிக்கிணற்றில். 1980-களில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. சுற்றிலும் எல்லாம் கருங்கல் பாறையாக இருக்க, இது மட்டும் வழவழப்பான கறுப்புக் கல். ஒவ்வொரு கல்லிலும் எந்தத் திசை, எந்த வரிசை என்ற குறி செதுக்கியிருக்கிறது. எங்கோ செதுக்கிக் கொண்டுவந்து இங்கே கோத்திருக்கிறார்கள். ஹசார ராமர் கோயில் சுவரில் ராமாயணம் வரிசையாக ஓடுகிறது. டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், ஒரே டிக்கெட்டில் அன்றைக்கே தாமரை மகால், கமலாபுரம் அருங்காட்சியகம் இரண்டையும் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் ஹம்பி முழுவதன் மாதிரி வடிவம் இருக்கிறது. அதை முதலில் பார்த்தால் தலை சுற்றாது. வெள்ளிக்கிழமை அது மூடியிருக்கும்.

தங்குவதற்கு: கோயில் பக்கம் சிறிய விடுதிகள் உண்டு, ஆனால் அங்கே அசைவமும் மதுவும் கிடைக்காது. அக்கரை விருபாபூர் கட்டியைப் பற்றி அண்ணன்மார் யாராவது கதை சொல்லியிருப்பார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் சட்டவிரோதமாகக் கட்டப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உறுதிசெய்தபின் அங்கிருந்த விடுதிகள் இடிக்கப்பட்டன. இளைஞர் விடுதிகள் இப்போது அதே அக்கரையில் ஆனேகுந்தி, சனாபூர் பக்கம் இருக்கின்றன. என் தேர்வு ஆனேகுந்தி. ஹம்பியைவிடப் பழைய ஊர், இரவில் அமைதி. மாலையோடு ஆற்றைக் கடக்கும் படகு நின்றுவிடும், ஆற்றில் தண்ணீர் ஏறினால் பகலிலும் ஓடாது. பிறகு பாலம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஆற்றில் குளிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: கூடாது. துங்கபத்திரையில் முதலை உண்டு; அதைவிட ஆபத்து பாறைகளுக்கிடையே மறைந்து ஓடும் சுழல். மேலே அணை இருப்பதால் நீரளவு மாறிக்கொண்டே இருக்கும். 2025 பிப்ரவரியில் சனாபூர் அருகே பாறையிலிருந்து விளையாட்டாகக் குதித்த ஓர் இளம் பயணியின் உடலைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதமே அதே வட்டாரத்தில், இரவில் கால்வாயோரம் நட்சத்திரம் பார்க்க உட்கார்ந்திருந்த பயணிகள் தாக்கப்பட்டார்கள்; பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள், கால்வாயில் தள்ளப்பட்டவர்களில் ஒருவர் இறந்தார். பயமுறுத்தச் சொல்லவில்லை. விடுதிக் கூரையிலிருந்தே நட்சத்திரம் நன்றாகத் தெரியும்.

உங்கள் வயதுக்காரர்கள் செய்த வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் யானைக் கொட்டிலுக்குப் பின்னால் உள்ள விஷ்ணு கோயிலில் ஒரு தூணை இளைஞர்கள் சிலர் தள்ளிச் சாய்ப்பதைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். பிடிபட்ட நால்வருக்கும் நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் விதித்தது. தள்ளிய தூணை அவர்களே தூக்கி நிறுத்தவும் வைத்தது. அப்படிப்பட்ட தண்டனை எனக்குப் பிடித்திருக்கிறது. தள்ள ஒரு நொடி, நிறுத்த எத்தனை பேர் மூச்சுப் பிடிக்க வேண்டும் என்பது அன்றைக்கு அவர்களுக்குக் கையிலேயே தெரிந்திருக்கும்.

போக நல்ல மாதம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரலில் போனால் பாறை வெயிலை இரவுவரை கக்கிக்கொண்டிருக்கும். மாதங்க மலையில் சூரிய உதயம் பார்க்கத் தனியாக ஏறாதீர்கள், நால்வரும் சேர்ந்து டார்ச்சுடன் ஏறுங்கள்.

கடைசியாக ஒன்று. ஹம்பியில் கிருஷ்ணன் கோயில் ஒன்று இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் உதயகிரிக் கோட்டையை கஜபதி மன்னரிடமிருந்து பிடித்து, அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணன் சிலைக்காகக் கட்டியது. கோபுரம் சிதைந்து, மண்டபங்கள் நிற்க, கருவறை காலியாக இருக்கும். சாமி எங்கே என்று அங்கே கேட்டால் சென்னையில் என்பார்கள். உண்மைதான், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.